ஒரே அளவுச் சுருள்

கொள்ளேகாலிலிருந்து ஹனூர் வழியாக மாதேஸ்வரன் மலைக்குப் போகும் சாலையில், மலை ஏறுவதற்கு முன்னால் வருகிற ஊர் கௌதள்ளி. 1956 வரை இந்த வட்டாரம் கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. பிறகு மைசூரு மாவட்டம் ஆயிற்று, 1997 முதல் சாமராஜநகர் மாவட்டம். தமிழும் கன்னடமும் ஒரே திண்ணையில் புழங்குகிற பகுதி இது. யுகாதிக்கு வாசலில் மாவிலையும் வேப்பிலையும் கட்டுவார்கள். ஆடியில் காவிரிக்குப் படையல் உண்டு. பக்கத்து மார்டள்ளி போன்ற ஊர்களின் கிறிஸ்தவத் தமிழ்க் குடும்பங்களுக்கு டிசம்பரில் குடிலும் நட்சத்திரமும் வேண்டும். தீபாவளி, சிவராத்திரி, யுகாதி மூன்றுக்கும் மலையில் ஜாத்திரை கூடும். கையால் பரிசும் அலங்காரமும் செய்ய நினைப்பவருக்கு இதைவிட நல்ல நாள்காட்டி அமையாது.

தாள்கீற்றைச் சுருட்டி உருவங்கள் செய்யும் குவில்லிங் கற்க வருகிறவர்கள் பெரும்பாலும் அந்த நாள்காட்டியைப் பார்ப்பதில்லை. பெட்டியாக விற்கிற 'கிட்' ஒன்றை வாங்குகிறார்கள். அதன் மூடியில் ரோஜா, பட்டாம்பூச்சி, பனித்துகள் ஆகியவற்றின் படம் இருக்கும். "அக்கா, ரோஜா எப்பச் சொல்லித் தருவீங்க?" என்பதுதான் வகுப்பில் வரும் முதல் கேள்வி. ரோஜா கடைசியில் வரட்டும், வராமலே போனாலும் நஷ்டமில்லை. ஒரே அளவில் பத்துச் சுருள் செய்யத் தெரிந்தால் இந்த ஊருக்கு வேண்டிய எல்லாமே செய்யலாம். அது தெரியாமல் செய்த ரோஜாவை யாரும் காசு கொடுத்து வாங்கப் போவதில்லை.

நமக்குத் தெரிந்த சுருள்

ஆடிப் பதினெட்டுக்குப் பூஜைக் கடையில் விற்கிற காதோலை கருகமணியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காதோலை என்பது சாயமேற்றிய ஓலைக் கீற்றை இறுக்கிச் சுருட்டிய சின்ன வட்டு. ஒரு காலத்தில் பெண்கள் காதுத் துளையில் உண்மையாகவே அணிந்த நகை அது. ஓலை தளர்ந்து விரிய முயல்வதால்தான் துளையில் உறுதியாக நின்றது. தாளில் நீங்கள் செய்யப்போகும் முதல் உருவமும் அதே இறுக்கச் சுருள்தான். சுருளின் நடுப்புள்ளி, ஓரத்தில் வரும் முடிவு, விரிய முயலும் இழுப்பு ஆகிய மூன்றையும் அந்த ஐந்து ரூபாய்ச் சாமானில் பார்த்துக்கொள்ளலாம்.

தாளை இப்படிச் சுருட்டும் வழக்கத்தை ஐரோப்பாவில் மடங்கள் வளர்த்தன. பொன்முலாம் பூசிய புத்தக ஓரங்களைக் கீற்றாக நறுக்கி, பறவை இறகின் தண்டில் சுற்றி, திருப்பண்டப் பேழைகளுக்கும் நூல் அட்டைகளுக்கும் ஒட்டினார்கள். பொன் கம்பி வேலைக்கு ஏழைகளின் மாற்று என்று இதைச் சொல்லலாம். 18ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துச் சீமாட்டிகள் கைக்கு இது போனது. 1786இல் ஒரு பெண்கள் இதழ் இதற்கான மாதிரி வரைபடங்களை வெளியிட்டது. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகள் எலிசபெத்துக்கு 1791இல் சார்ல்ஸ் எலியட் என்ற வியாபாரி 15 அவுன்ஸ் தாள்கீற்றும் பூட்டுச் சாவியோடு ஒரு பெட்டியும் கொடுத்தார். ஆக, 'கிட்' விற்கிற தொழிலும் பழையதுதான். ஜேன் ஆஸ்டின் 1811இல் வெளியிட்ட 'சென்ஸ் அண்ட் சென்சிபிலிட்டி' நாவலில், ஒருத்தி குழந்தைக்காகத் தாள்கூடை செய்துகொண்டிருப்பாள். கதாநாயகி எலினார், "நான் சுருட்டித் தருகிறேன்" என்று பக்கத்தில் போய் உட்காருவாள். மற்றவர் காதில் விழாமல் அவளிடம் ஒரு விஷயம் பேச வேண்டும் என்பதே காரணம். இருநூறு வருஷம் கழித்தும் இந்த வேலையில் அது மாறவில்லை. இரண்டு பேர் சேர்ந்து சுருட்டினால் பேச்சும் நடக்கும், வேலையும் முடியும்.

தாள்

கடையில் 'ஸ்ட்ரிப்' என்று கேட்டால் 3 மில்லிமீட்டர், 5 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர் அகலங்களில் கட்டாகக் கொடுப்பார்கள். ஹனூர், கொள்ளேகால் ஸ்டேஷனரிக் கடைகளில் எப்போதும் இருக்கும் என்று நம்ப வேண்டாம். ஆன்லைனில் வாங்கலாம், அல்லது நீங்களே வெட்டலாம். வெட்டுவதாக இருந்தால் 100 முதல் 120 ஜிஎஸ்எம் வண்ணத்தாள் எடுங்கள். ஜெராக்ஸ் தாள் 70 அல்லது 80 ஜிஎஸ்எம்தான். அதில் சுருட்டலாம், ஆனால் விட்டவுடன் தொய்ந்துவிடும். சார்ட் அட்டை மடங்கும் இடமெல்லாம் முறிந்து கோடு விழும்.

ஏ4 தாளின் அகலம் 21 சென்டிமீட்டர், நீளம் 29.7 சென்டிமீட்டர். நீளவாக்கில் 5 மில்லிமீட்டர் அகலமாக வெட்டினால் ஒரு தாளில் 42 கீற்று கிடைக்கும். 3 மில்லிமீட்டராக வெட்டினால் 70. கத்தரிக்கோலால் இதை நேராக வெட்ட முடியாது. இரும்பு ஸ்கேலும் பேப்பர் கட்டரும் வேண்டும், அடியில் பழைய கண்ணாடித் துண்டோ தடித்த அட்டையோ போட்டுக்கொள்ளுங்கள். ஒரு மொத்தக் கட்டு தேவைப்பட்டால் பக்கத்து நகரத்துப் பிரிண்டிங் பிரஸ்ஸில் வெட்டும் இயந்திரம் இருக்கும். அட்டை வெட்டிய மிச்சத்தில் வண்ணக் கழிவுத்தாள் கிடைக்கிறதா என்றும் அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

வெட்டுவதற்கு முன் ஒரு சோதனை. தாளை நீளவாக்கில் ஒரு கீற்றும் அகலவாக்கில் ஒரு கீற்றும் நறுக்கிச் சுருட்டிப் பாருங்கள். தாளின் நார் ஒரு திசையில் ஓடும். ஒரு கீற்று வழுக்கிக்கொண்டு சுருளும், இன்னொன்று பட்டை பட்டையாக முறியும். வழுக்குகிற திசையில்தான் மொத்தத் தாளையும் வெட்ட வேண்டும். கீற்றின் நீளம் குறைந்தாலும் பரவாயில்லை, ஒட்டி நீட்டிக்கொள்ளலாம்.

கருவி

பிளவு உள்ள ஊசிதான் குவில்லிங் கருவி. வாங்கினால் சில்லறைக் காசுதான். வீட்டில் செய்ய, கோணி ஊசியின் காது நுனியைக் கட்டிங் பிளேயரால் வெட்டிவிடுங்கள். காது திறந்து இரண்டு முனையாகும். கூர்நுனியைப் பழைய பேனா மூடிக்குள் எம்-சீல் வைத்துப் பதித்தால் கைப்பிடி ஆயிற்று. வெட்டும்போது துண்டு கண்ணில் தெறிக்கும். ஊசியைத் துணிக்குள் பிடித்துக்கொண்டு வெட்டுங்கள், சின்னப் பிள்ளைகளிடம் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள்.

பசைக்கு ஃபெவிகால் எம்ஆர் போதும். மைதாப் பசை வேண்டாம், காரணம் பின்னால் வருகிறது. பசையைப் பாட்டிலிலிருந்து நேராகப் பிழிந்தால் சுருள் நனைந்து, காய்ந்தபின் பளபளவென்று கறை தெரியும். மருதாணிக் கோன் செய்யத் தெரிந்தவர்களுக்கு இங்கே லாபம்: அதே மாதிரி ஒரு கோன் சுற்றி, பசையை நிரப்பி, நுனியில் குண்டூசி அளவு துளை விடுங்கள். கடுகளவு பசை விழும், அதற்கு மேல் தேவையில்லை. வேலை இல்லாத நேரத்தில் நுனியில் குண்டூசியைச் செருகி வைத்தால் அடைக்காது.

நான்கு மடங்குக் கணக்கு

கீற்றின் நுனியை ஊசிப் பிளவில் செருகி, ஊசியைச் சுற்றுங்கள். விரலைச் சுற்றாதீர்கள். இடக்கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் கீற்றை லேசாக இழுத்துப் பிடித்திருக்கட்டும். அந்த இழுப்பு தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மாதிரி இருந்தால்தான் சுருள் ஒரே மாதிரி வரும். முடிவு நுனியைக் கத்தரிக்காமல் கையால் கிழியுங்கள். கிழிந்த நார் சுருளோடு படிந்து ஒட்டிய இடமே தெரியாது.

ஊசியிலிருந்து எடுக்காமல் நுனியை ஒட்டினால் இறுக்கச் சுருள். எடுத்து, விரியவிட்டு, பிறகு ஒட்டினால் தளர்ச் சுருள். எவ்வளவு விரியவிடுவது என்பதில்தான் புதியவர் கை தடுமாறும். கண்ணால் மதிப்பிடாதீர்கள். இருமல் மருந்துப் பாட்டில் மூடி, தண்ணீர்ப் பாட்டில் மூடி, பழைய குழந்தை வளையல் என்று வட்டமான அச்சு வீட்டிலேயே கிடக்கிறது. சுருளை மூடிக்குள் போடுங்கள், அது விரிந்து சுவரைத் தொட்டு நிற்கும். அந்த நிலையில் எடுத்து ஒட்டினால் நூறு சுருளும் ஒரே அளவு. இரண்டு சென்டிமீட்டருக்கும் குறைவான வேலைக்குக் காலி மாத்திரை அட்டையின் குழிகள் அருமையான அச்சு.

இப்போது கணக்கு. கணக்கென்றதும் பக்கத்தைத் திருப்ப வேண்டாம், இந்த அத்தியாயத்தில் பணம் மிச்சம் பிடிக்கிற இடம் இதுதான். 120 ஜிஎஸ்எம் தாளின் கனம் சுமார் 0.15 மில்லிமீட்டர். 30 சென்டிமீட்டர் கீற்று ஒன்றை இறுக்கிச் சுருட்டினால் ஏழரை மில்லிமீட்டர் வட்டு கிடைக்கும். வட்டு இரண்டு மடங்கு அகலமாக வேண்டும் என்றால் இரண்டு கீற்று போதும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். போதாது. சுருட்டிய தாள் மேசையில் அடைக்கிற பரப்புதான் நீளத்துக்குக் கணக்கு, அகலம் அல்ல. அகலம் இரட்டிக்கப் பரப்பு நான்கு மடங்காகும், ஆகவே நான்கு கீற்று. மூன்று மடங்கு அகலத்துக்கு ஒன்பது கீற்று. இரண்டு சென்டிமீட்டர் வட்டுக்கு ஏழு கீற்று, மூன்று சென்டிமீட்டர் வட்டுக்குப் பதினாறு. உங்கள் தாளின் கனமும் கையின் இறுக்கமும் வேறாக இருந்தால் எண்ணிக்கை சற்று மாறும், விகிதம் மாறாது. முதல் வட்டைச் செய்து அளந்து நோட்டில் எழுதிக்கொண்டால் மீதியெல்லாம் அதிலிருந்து வந்துவிடும்.

ஜாத்திரைக் காலத்தில் "கொஞ்சம் பெரிசா வேணும்" என்று கேட்டு வருவார்கள். அந்தக் 'கொஞ்சம்' இரண்டிலிருந்து மூன்று சென்டிமீட்டராக இருந்தால் தாளும் நேரமும் இரண்டு மடங்குக்கு மேல். விலை சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலை: வேப்பிலைத் தோரணம்

தளர்ச் சுருளின் ஒரு பக்கத்தை மட்டும் கிள்ளினால் துளி. எதிரெதிராக இரண்டு பக்கமும் கிள்ளினால் கண். நான்கு பக்கமும் கிள்ளினால் சதுரம். ஒரு பக்கம் உள்ளே அமுக்கி இரு முனையும் கிள்ளினால் பிறை. உருவங்களின் பட்டியலை இதற்குமேல் மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை, மற்றவை கை போன போக்கில் வந்துசேரும்.

கண் உருவம்தான் வேப்பிலை. 5 மில்லிமீட்டர் அகலமும் 30 சென்டிமீட்டர் நீளமும் உள்ள பச்சைக் கீற்றைச் சுருட்டி, 14 மில்லிமீட்டர் அச்சில் விரியவிட்டு, இரு முனையும் கிள்ளுங்கள். சுமார் இரண்டு சென்டிமீட்டர் நீள இலை வரும். கிள்ளும்போது சுருளின் நடுப்புள்ளியைச் சற்று ஒரு பக்கம் தள்ளிப் பிடித்தால் வேப்பிலைக்கே உரிய கோணல் கிடைக்கும். ஒரு மெல்லிய கீற்றை நெட்டுக்குத்தாக நிறுத்திக் காம்பாக வைத்து, இரு பக்கமும் மும்மூன்று இலையும் நுனியில் ஒன்றும் ஒட்டினால் ஏழு இலைக் கொத்து ஒன்று தயார். வேப்பமரம் வாசலிலேயே இருக்கும், ஒரு கொத்தை ஒடித்து வந்து பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒட்டுங்கள். இலைகள் நேர் எதிரெதிராக இருக்கின்றனவா, சற்று ஏறி இறங்கி இருக்கின்றனவா என்பதைப் படம் சொல்லித் தராது.

மூன்றடி வாசலுக்கு ஆறு சென்டிமீட்டருக்கு ஒன்றாகப் பதினைந்து கொத்து. 105 இலை, 105 கீற்று. ஏ4 தாள் மூன்று இருந்தால் 126 கீற்று கிடைக்கும், கெட்டுப்போவதற்கும் இடமிருக்கிறது. ஒரே பச்சையாக மூன்று தாள் எடுக்காமல் கரும்பச்சை ஒன்று, இளம்பச்சை ஒன்று, மஞ்சள் கலந்த பச்சை ஒன்று எடுத்து, ஒவ்வொரு கொத்திலும் கலந்து ஒட்டுங்கள். நுனியில் வருவது இளம்பச்சையாக இருக்கட்டும். கொத்துகளுக்கு நடுவே வெள்ளையில் மிளகளவு இறுக்கச் சுருள்களைத் தூவினாற்போல் ஒட்டினால் வேப்பம்பூ ஆகிவிடும். யுகாதிக்கு இதுவே போதும். மாரியம்மன் நோன்பிக்கும் பொருந்தும். மஞ்சள் நூலில் கட்டுங்கள், நைலான் நூல் பளபளத்து எல்லாவற்றையும் கெடுக்கும்.

மாவிலை வேண்டும் என்பவர்கள் வேறு வழி போக வேண்டும். ஒரு நிஜ மாவிலையை அட்டையில் வைத்து வரைந்து, அந்தக் கோட்டின்மேல் கீற்றை நெட்டுக்குத்தாக ஒட்டி வேலி எழுப்பி, உள்ளே துளிகளையும் சுருள்களையும் நிரப்புவது அந்த வழி. வேலை அதிகம், தாளும் அதிகம். வாசலுக்கு வேண்டாம். சட்டம் போட்டுச் சுவரில் மாட்டும் பரிசுக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஜிமிக்கி

காகித நகை என்றால் முகம் சுளிப்பவர்கள்கூட ஜிமிக்கியைக் கையில் வாங்கிப் பார்த்ததும் கேட்பது ஒன்றே ஒன்று: "இவ்வளவு லேசா இருக்கே?" கனமான கவரிங் ஜிமிக்கியால் காது இழுபட்டவர்களுக்குத் தாள் ஜிமிக்கி பெரிய நிம்மதி. புடவை வண்ணத்துக்குச் சரியாகப் பொருத்தித் தர முடிவது இரண்டாவது சௌகரியம். கொள்ளேகால் பட்டு வாங்கியவரிடம் உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று இரண்டு நிறத்தைக் கேட்டு வாங்கி, அதே வரிசையில் சுருட்டுங்கள்.

இரண்டு சென்டிமீட்டர் வாயுள்ள ஜோடிக்கு ஏழும் ஏழும் பதினான்கு கீற்று. முதல் ஐந்து கீற்று உடல் நிறம், கடைசி இரண்டு கரை நிறம். ஒரு கீற்று முடிகிற இடத்தில் அடுத்த கீற்றின் நுனியை மேலேற்றி ஒட்டாமல், முட்டக் கொடுத்து ஒட்டுங்கள். மேலேறினால் அந்த இடம் புடைத்து வட்டம் முட்டை வடிவமாகும். எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் இறுக்கிச் சுற்றி நுனியை ஒட்டிக் காயவிடுங்கள்.

பிறகு வட்டைக் கோலிக்குண்டின்மேல் வைத்து, ஓரத்தைக் கீழ்நோக்கிச் சுற்றிச் சுற்றி அமுக்குங்கள். வளையம் வளையமாக வழுக்கி இறங்கிக் கிண்ணமாகும். அவசரப்பட்டு நடுவில் கட்டைவிரலால் குத்தினால் உள்வளையங்கள் மொத்தமாகக் கழன்று கம்பிச்சுருளாய் நீண்டுவிடும். நடந்தால் பதறாமல் திரும்ப வட்டாக அமுக்கிவிட்டு மறுபடி தொடங்கலாம், பசை போடும்வரை எல்லாவற்றுக்கும் பரிகாரம் உண்டு. இரண்டு கிண்ணத்தையும் ஒரே குண்டில் செய்யுங்கள். ஆழம் சமமா என்று மேசையில் கவிழ்த்து, பக்கத்தில் பக்கத்தில் வைத்து, கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பாருங்கள்.

சமம் என்று தெரிந்தபின் உட்பக்கம் முழுக்கப் பசையைத் தூரிகையால் பூசி ஒரு இரவு காயவிட வேண்டும். வெளிப்பக்கம் பசை படக்கூடாது. காய்ந்ததும் நடுத்துளை வழியாக ஹெட்பின் கம்பியில் ஒரு முத்தைக் கோத்து மேலே ஏற்றி, மூக்குக் குறட்டால் வளையமாக்கி, ஜம்ப் ரிங்கில் தோட்டோடு மாட்டுங்கள். தோட்டுக்கு ஒரு கீற்றில் சுருட்டிய ஏழரை மில்லிமீட்டர் வட்டு சரியாக இருக்கும், அதன் பின்னால் ஸ்டட் ஒட்ட ஃபெவிகால் தாங்காது, ஃபெவிக்விக் வேண்டும். வாயோரத்தில் சின்ன முத்துச் சரம் ஒட்டினால் ஜிமிக்கி மாதிரித் தெரியும். ஒட்டாவிட்டால் மணி மாதிரித் தெரியும்.

கடைசியில் வார்னிஷ். நிறமில்லாத நெயில் பாலிஷும் உதவும். ஒரு தடவை தடிமனாக அடிப்பதைவிட இரண்டு தடவை மெல்லிசாக. முதல் பூச்சு முழுதும் காயாமல் இரண்டாவதைத் தொடாதீர்கள். கரும்சிவப்பும் கருநீலமும் வார்னிஷில் சில சமயம் கசியும், ஒரு துண்டுக் கீற்றில் சோதித்துவிட்டுப் பூசுங்கள்.

வட்ட அட்டை, நட்சத்திரம், தட்டு

வாழ்த்து அட்டைக்கு நீள்சதுரத்தையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டாம். மைசூரில் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் சீட்டாட்டங்களை உருவாக்கி, கஞ்சிஃபா ஓவியர்களை வளர்த்தவர். கஞ்சிஃபாச் சீட்டுகளில் பெரும்பாலானவை வட்டமானவை. ஓரத்தில் ஒரு நிறப்பட்டை, நடுவில் ஒரே ஒரு உருவம், சுற்றிக் காலியிடம் என்ற அமைப்பு குவில்லிங்குக்கு என்றே செய்தது போல இருக்கும். எட்டு சென்டிமீட்டர் வட்ட அட்டை வெட்டி, நடுவில் ஒரு துளிப்பூ வைத்து, ஓரத்தில் கீற்றை நிறுத்தி ஒட்டினால் பரிசுப் பொட்டலத்தில் கட்டும் அடையாள அட்டை தயார்.

மலைக்கு வருகிறவர்களுக்கு மாதேஸ்வரரின் நினைவாக ஏதாவது வேண்டும் என்று தோன்றும். சாமி உருவத்தைச் சுருட்ட வேண்டாம் என்பது என் கட்சி. பையில் நசுங்கும், தரையில் விழும், பிறகு எறியவும் மனம் வராது, வைத்துக்கொள்ளவும் முடியாது. அவர் ஏறி வருகிற புலி போதும். அதையும் முழுப் புலியாகச் செய்யாமல், ஆரஞ்சு வட்டத்தின்மேல் கறுப்புக் கீற்றுகளை நெட்டுக்குத்தாக வளைத்து வரி மட்டும் காட்டினால் ஊர்க்காரருக்குச் சொல்லாமலே புரியும்.

பெயர்ப் பலகை இங்கே நன்றாகப் போகும். தமிழ் எழுத்தும் கன்னட எழுத்தும் வளைந்தவை என்பதால், பெயரைப் பென்சிலால் எழுதி அதன்மேல் கீற்றை நிறுத்தி ஒட்டுவது எளிது. இரண்டு மொழியிலும் ஒரே பலகையில் செய்து கொடுங்கள்.

கிறிஸ்துமஸ் நட்சத்திரத்துக்குத் துளி ஆறு, கண் ஆறு. துளிகளின் கூர்நுனியை நடுவில் சேர்த்துப் பூவாக ஒட்டி, இடைவெளிகளில் கண்களைச் செருகுங்கள். அறுபது பாகை கோணம் தப்பாமல் இருக்க, காம்பஸால் வட்டம் போட்டு அதே ஆரத்தால் ஆறு புள்ளி குறித்த தாளின்மேல் பிளாஸ்டிக் கவரைப் போட்டு, அதன்மேல் ஒட்டுங்கள். பள்ளிக்கூடத்தில் படித்த அதே ஆறு புள்ளிதான். தனித்தனியாக மாட்டாமல் வளையத்தில் தொங்கவிட விரும்பினால் உண்ணிச்செடியின் குச்சி வளைக்க நன்றாக இருக்கும். மலைப்பகுதிச் சோலிகர்கள் ஏட்ரீ என்ற ஆராய்ச்சி நிறுவனத்தின் பயிற்சியோடு 2004 வாக்கிலிருந்து இந்தக் களைச்செடியில் நாற்காலியும் கூடையும் செய்துவருகிறார்கள். அவர்களிடமே குச்சி வாங்கலாம், அல்லது உங்கள் வேலியோரத்தில் வெட்டலாம். மலைக்காடு 2013 முதல் வனவிலங்குச் சரணாலயம், களைதானே என்று உள்ளே போய் வெட்டக்கூடாது.

சீர்வரிசைத் தட்டு, ஆரத்தித் தட்டு, பிறந்தநாள் மேடை எல்லாவற்றிலும் முன்பு தெர்மாகோல் இருந்தது. தெர்மாகோல் பொருள்கள் சிலவற்றுக்குக் கர்நாடகம் 2016இலேயே தடைவிதித்தது. 2022 ஜூலை 1 முதல் அலங்காரத் தெர்மாகோல் நாடு முழுக்கத் தடை. இனிப்புப் பெட்டியிலும் அழைப்பிதழிலும் சுற்றுகிற பிளாஸ்டிக் தாளும் அதே பட்டியலில் வருகிறது. தட்டு அலங்காரக்காரர்கள் இன்னமும் மாற்றுத் தேடிக்கொண்டிருக்கிறார்கள், நீங்கள் போய்ப் பேச வேண்டியது அவர்களிடம்தான். நெளி அட்டையில் பெயரை வெட்டி, ஓரத்தில் 10 மில்லிமீட்டர் கீற்றை ஒட்டி, நடுவில் நாலைந்து பெரிய பூ மட்டும் வையுங்கள். தட்டு பத்தடி தூரத்திலிருந்து பார்க்கப்படும் பொருள். அதில் மிளகளவு சுருளைப் போட்டு உழைப்பை வீணாக்கக் கூடாது.

ஈரமும் பூச்சியும்

மழைக்காலத்தில் தாள் ஈரத்தைக் குடித்து ஊறும். முன்தினம் இறுக்கமாக இருந்த வட்டு மறுநாள் நடுவில் தொளதொளக்கும். ஆகவே பெரிய ஆர்டர்களுக்கான சுருள்களை வெயில் காலத்திலேயே சுருட்டி, எவர்சில்வர் டப்பாவில் அளவுவாரியாகப் போட்டு, மாத்திரைப் பாட்டிலில் வரும் சிலிக்கா பொட்டலத்தை உள்ளே வைத்து மூடுங்கள். பொட்டலம் இல்லையென்றால் வாணலியில் வறுத்த அரிசியைத் துணியில் முடிந்து வைக்கலாம், மாதம் ஒரு முறை மாற்ற வேண்டும்.

மைதாப் பசையை வேண்டாம் என்றது இதற்குத்தான்: மாவுச்சத்து இருக்கிற இடத்தை வெள்ளிமீன் பூச்சி தேடி வரும். பசையைத் தின்னத் தொடங்கித் தாளையும் அரித்துவிடும். சமையல் புகை படுகிற இடத்திலும் நேர் வெயிலிலும் மாட்டக்கூடாது என்பதை வாங்குகிறவரிடம் சொல்லிக் கொடுங்கள். சிவப்பும் இளஞ்சிவப்பும் முதலில் வெளுக்கும்.

விலை

தாள் விலையை வைத்துக் கணக்குப் போடுகிறவர்கள் ஒரு ஜாத்திரையோடு இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள். வேப்பிலைத் தோரணத்தில் தாள் மூன்றுதான். ஆனால் பழகிய கைக்கே ஒரு சுருளுக்கு ஒரு நிமிடம் என்றால் 105 சுருளுக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம். விரித்து, கிள்ளி, கொத்தாக்கி, நூலில் கட்ட அதே அளவு நேரம். நாலு மணி நேரம் என்பது அரைநாள் கூலி. உங்கள் ஊரில் அரைநாள் கூலி என்னவோ அதோடு தாள், பசை, நூல் செலவைக் கூட்டினால் அடக்க விலை. அதற்குக் கீழே பேரம் பேசுகிறவரிடம் பதினைந்து கொத்துக்குப் பதில் ஒன்பது கொத்துத் தோரணத்தைக் காட்டுங்கள். விலையைக் குறைக்காமல் அளவைக் குறைப்பது இருவருக்கும் நியாயம்.

ஜாத்திரைக் கூட்டத்தில் விற்க ஜிமிக்கியும் வட்ட அட்டையும்தான் எடுத்துப்போக வேண்டும். தோரணமும் பெயர்ப் பலகையும் ஆர்டர் வந்தபின் செய்ய வேண்டியவை, முன்பணமாகப் பாதி வாங்கிக்கொண்டு தொடங்குங்கள். ஜிமிக்கியை அட்டையில் இரண்டு துளை போட்டு மாட்டி, மேலே பட்டர் பேப்பர் சுற்றிச் சின்ன அட்டைப்பெட்டியில் வையுங்கள். பஸ்ஸில் மலை ஏறும்போது பெட்டிகளை நிற்கவைத்து அடுக்கினால் கிண்ணம் நசுங்காது.

நசுங்கியதைக் கொண்டு வருகிறவர்களும் இருப்பார்கள். வார்னிஷ் அடித்த கிண்ணத்தைத் திரும்ப வளைக்க முடியாது, புதிதாகத்தான் சுருட்டிக் கொடுக்க வேண்டும். தோட்டையும் முத்தையும் கழற்றி மறுபடி போடலாம், ஆகவே பழுதுக்குக் கால் பங்கு விலை வாங்கினால் போதும். நிறம் பொருந்துவதுதான் கஷ்டம். ஒரே பெயரில் வரும் தாள் அடுத்த கட்டில் ஒரு சாயல் மாறியிருக்கும். அதனால் ஒவ்வொரு ஜோடி விற்றதும் அதே தாளில் ஏழு கீற்றை எடுத்து, வாங்கியவர் பெயரையும் தேதியையும் எழுதிய கவரில் போட்டு, சுருள் டப்பாவிலேயே வைத்துவிடுங்கள்.